நான்கு முறை கடைக்குப் போன மடிக்கணினி: பழுதைத் தேடும் முறை குறித்து ஒரு பாடம்

முன்னுரை

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு மடிக்கணினி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. விரிவுரைக் குறிப்புகள், இடுபணிகள், குழு விவாதம், இறுதியாண்டு ஆய்வேடு என எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன. அத்தகைய கணினி பழுதானால் கடைக்கு எடுத்துச் செல்கிறோம், பணம் கட்டுகிறோம், சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். இரண்டு வாரத்தில் அதே கோளாறு மீண்டும் வந்தால் என்ன செய்வது?

என் மடிக்கணினி ஒரே பருவத்தில் நான்கு முறை கடைக்குப் போனது. அவற்றுள் மூன்று முறை பணம் கட்டினேன். உண்மையான காரணத்தைக் கடைசியில் கண்டறிய உதவியது எந்தப் புதிய மென்பொருளும் அன்று. தமிழ்ப்பள்ளியில் பன்னிரண்டு வயதில் நான் படித்த அறிவியல் பாடம். அதை நம் கழக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

நான் பல்கலைக்கழகத்தில் நுழைந்தபோது அப்பா 1,200 ரிங்கிட்டுக்கு வாங்கித் தந்த பழைய மடிக்கணினி அது. அப்பா லோரி ஓட்டுநர். அந்தத் தொகைக்கு அவர் எத்தனை இரவுகள் கூடுதலாக ஓட்டினார் என்பது எனக்குத் தெரியும்.

இறுதியாண்டின் முதல் பருவத்தில் அது திடீர் திடீரென்று அணையத் தொடங்கியது. எந்த எச்சரிக்கையும் வராது, நீலத்திரையும் தோன்றாது. அறை விளக்கை அணைத்தாற்போல் திரை இருண்டுவிடும். தொலைபேசியில் வீட்டுக்குச் சொன்னபோது, “வயரு, சார்ஜர் எல்லாம் பார்த்தியாம்மா?” என்று அப்பா கேட்டார். “இது லோரி இல்லப்பா, கம்ப்யூட்டர்” என்று சொல்லிச் சிரித்தேன்.

முதல் முறை கடைக்குச் சென்றபோது, “வைரஸ் வந்துவிட்டது போலிருக்கிறது” என்று நானே கடைக்காரரிடம் சொன்னேன். அவரும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் இயங்குதளத்தைப் புதிதாகப் பதிவேற்றிக் கொடுத்தார். 80 ரிங்கிட். “சுடா ஓகே” என்றார். அந்த வாரம் தீபாவளி விடுமுறை. வீட்டில் ஏழு நாள் பயன்படுத்தினேன், ஒருமுறைகூட அணையவில்லை.

விடுதிக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மீண்டும் அணைந்தது. இரண்டாம் முறை, “சூடாகிறது என்று நினைக்கிறேன்” என்றேன். விசிறியைத் துடைத்து, செயலகத்தின்மேல் பூசும் வெப்பப் பசையை மாற்றினார்கள். 100 ரிங்கிட். அடுத்த வாரம் முழுவதும் அமைதி. பிறகு பழைய கதைதான்.

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நான் இழந்தது அப்போதுதான். இரவு இரண்டு மணிக்குக் கணினி அணைந்தது. மீண்டும் இயக்கியபோது அந்தக் கோப்பு திறக்கவில்லை. விரலியில் இருந்த நகலோ ஒன்பது நாள் பழையது. பதினான்கு பக்கங்கள் போயின. மேற்பார்வையாளரிடம் போய் நின்றபோது, சொல்வதற்கு என்னிடம் இருந்தது ‘கணினி கெட்டுவிட்டது’ என்ற ஒரே வாக்கியம்தான். அவர் அதை எத்தனை மாணவர்களிடம் கேட்டிருப்பாரோ!

மூன்றாம் முறை மின்கலத்தை மாற்றினார்கள். மின்னேற்றியைக் கழற்றினால் பழைய மின்கலம் மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை என்பதால் அது எனக்கும் சரியாகவே பட்டது. 190 ரிங்கிட். மூன்று வாரங்கள் ஒரு குறையும் இல்லை. நான்காம் வாரத்தில் புதிய தொல்லை ஒன்று தொடங்கியது. மின்னேற்றி செருகியிருக்கும்போதே மின்கலத்தின் அளவு குறைந்துகொண்டே போனது. இடையிடையே திரை சற்று மங்கி, மீண்டும் வெளிச்சமானது. ஒருநாள் உணவகத்துக்குப் போய்த் திரும்பியபோது கணினி தானே அணைந்து கிடந்தது.

நான்காம் முறை, “புது பேட்டரி போலி” என்று கடையில் சண்டைக்கே போய்விட்டேன். அவர்கள் தங்களிடமிருந்த மின்னேற்றியைச் செருகிச் சோதித்தார்கள். மின்கலம் ஒழுங்காக நிரம்பியது. “அப்படியென்றால் தாய்ப்பலகைதான். 650 ரிங்கிட் ஆகும்” என்றார்கள். கணினியின் விலையில் பாதிக்கும் மேல்! யோசித்துச் சொல்வதாகக் கூறி எடுத்து வந்துவிட்டேன்.

உற்றறிதலும் ஊகித்தலும்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு ‘அறிவியல் செயற்பாங்குத் திறன்’ என்ற சொற்றொடர் நினைவிருக்கும். உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று யூபிஎஸ்ஆர் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அறிவியல் மலாய்மொழிக்கு மாறியது. சொற்கள் மாறியபோது அந்தப் பாடத்தையே பழைய பள்ளிப்பையில் வைத்து மூடிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அப்படியே சொல்வது உற்றறிதல். அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று சொல்வது ஊகித்தல். ‘மின்னேற்றி செருகியிருந்தபோது திரை திடீரென்று இருண்டது’ என்பது உற்றறிதல். ‘வைரஸ்’ என்பது ஊகம். ‘சூடாகிறது’, ‘பேட்டரி போலி’ என்பவையும் ஊகங்களே.

கடைக்காரரிடம் நான் ஒருமுறைகூட உற்றறிந்ததைச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் என் ஊகத்தையே ஒப்படைத்தேன். அவரும் அதற்குரிய வேலையைச் செய்து பணம் வாங்கிக்கொண்டார். எந்தச் சூழலில் அணைகிறது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவரிடம் போய், வயிறு எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல், தலைவலி மாத்திரை கேட்டு வாங்கி வந்தவளின் நிலைதான் என் நிலை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறது. நான் நேராக மூன்றாம் படியில் ஏறி நின்றேன்.

நன்றாக இருந்த நாள்கள் ஏமாற்றும்

ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் சில நாள்கள் கணினி நன்றாக ஓடியது. ஆகவே, அந்தப் பழுதுபார்ப்பு ஓரளவு சரிதான் என்று நம்பினேன். பின்னர் அந்த நாள்களில் வேறு என்னென்ன மாறியிருந்தன என்று எண்ணிப் பார்த்தேன்.

முதல் முறைக்குப் பிறகு நான் விடுதியிலேயே இல்லை, வீட்டில் இருந்தேன். இரண்டாம் முறைக்குப் பிறகு இடைத்தேர்வு வாரம். கணினியைத் திறந்ததே குறைவு. மூன்றாம் முறைக்குப் பிறகு புதிய மின்கலம் பக்கத்துணையாக இருந்தது. மின்சாரம் நொடிப்பொழுது தடைப்பட்டாலும் அது தாங்கிக்கொண்டது. நோய் அப்படியேதான் இருந்தது. அறிகுறி மட்டும் மாறியது.

ஒன்றன்பின் ஒன்று நடந்தால், முந்தியதே பிந்தியதற்குக் காரணம் என்று மனம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறது. விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் இந்தத் தவறு மிக எளிதாக நேரும். எனவே, பழுதுபார்த்த பிறகு கணினி நன்றாக ஓடினால் மட்டும் போதாது. முன்பு எந்தச் சூழலில் அணைந்ததோ அதே சூழலிலும் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு குறிப்பேடு

650 ரிங்கிட் என்ற பேச்சு வந்த பிறகுதான் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டேன். நாள், நேரம், இடம், மின்னேற்றி செருகியிருந்ததா, என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன கண்டேன் என ஆறு கட்டங்கள். காரணம் எழுதுவதற்குக் கட்டமே வைக்கவில்லை. ஊகம் உள்ளே நுழையக் கூடாது அல்லவா?

விண்டோஸிலும் இதற்கு உதவி உண்டு. ‘ஈவண்ட் வியூவர்’ என்னும் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற குறிப்பு இருந்தால், கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றுபோய் மீண்டும் இயங்கியிருக்கிறது என்று பொருள். ஏன் நின்றது என்பதை அக்குறிப்பு மட்டும் சொல்லாது. ஆனால், நம் நினைவில் தப்பிப்போன நாள்களையும் நேரங்களையும் தேடிப் பிடிக்க அது உதவும்.

பதினொரு நாள்களில் பதினான்கு பதிவுகள் சேர்ந்தன. பன்னிரண்டு என் அறை மேசையில் நிகழ்ந்தவை; இரண்டு நூலகத்தில் நிகழ்ந்தவை. பதினான்கிலும் மின்னேற்றி செருகியிருந்தது. விரிவுரை மண்டபங்களில் மின்கலத்தை மட்டும் நம்பி ஏறத்தாழ 13 மணி நேரம் பயன்படுத்தியிருந்தேன். அந்த நேரத்தில் திரை ஒருமுறைகூட மங்கவில்லை. ஒரு பருவம் முழுக்கத் தெரியாத உண்மை ஒரு பக்கத் தாளில் தெரிந்தது.

ஒரு நேரத்தில் ஒரு மாறி

அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தோம். நாம் வேண்டுமென்றே மாற்றுவது தற்சார்பு மாறி. அதனால் மாறுகிறதா என்று கவனிப்பது சார்பு மாறி. மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது காரணம் என்று சொல்ல முடியாது.

என் பட்டியலில் நான்கு சந்தேகங்கள் இருந்தன: அறையின் மின்செருகி, மின்னேற்றி, கணினியில் மின்னேற்றியைச் செருகும் துளை, தாய்ப்பலகை. கீழ்க்கண்ட வரிசையில் சோதித்தேன்.

முதல் சோதனை: மின்செருகியை மட்டும் மாற்றினேன். அறைத்தோழியின் பக்கத்துச் செருகியில் என் மின்னேற்றியைப் போட்டேன். அன்றே இருமுறை திரை மங்கியது. ஆகவே, சுவரில் குற்றமில்லை.

இரண்டாம் சோதனை: மின்னேற்றியை மட்டும் மாற்றினேன். அறைத்தோழியின் கணினியும் என் கணினியின் தயாரிப்பே. இருவர் மின்னேற்றிகளிலும் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், அதாவது 65 வாட் என்றே அச்சிடப்பட்டிருந்தது. அவளுடையதை என் பழைய செருகியில், என் மேசையிலேயே போட்டு மூன்று நாள் பயன்படுத்தினேன். ஒரு கோளாறும் இல்லை. அதே துளை, அதே தாய்ப்பலகைதானே? அவை காரணமாயின் கோளாறு தொடர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாம் சோதனை: இதைப் பலரும் செய்யாமல் விட்டுவிடுவர். என் மின்னேற்றியை அறைத்தோழியின் கணினியில் செருகிப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் அவள் திரையில் மின்னேற்றக் குறி இருமுறை மறைந்து தோன்றியது. “ஏய், உன் நோய் எனக்கும் வந்துடுச்சு!” என்று கத்தினாள். பொருளோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறினால், கோளாறு அந்தப் பொருளில்தான் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

நாம் சார்ஜர் என்று அழைக்கும் அந்த மின்னேற்றியை நான் நான்கு முறையும் கடைக்கு எடுத்துச் செல்லவே இல்லை! கடையில் அவர்களுடைய மின்னேற்றியால் சோதித்தார்கள். அதனால்தான் அங்கே எப்போதும் ‘சுடா ஓகே’.

நான் நாள்தோறும் கம்பியை மின்னேற்றியின் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் பையில் திணிப்பேன். அப்படி மடங்கும் இடத்தில் உள்ளிருக்கும் மெல்லிய செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மேலுறையில் ஒன்றும் தெரியாது. கம்பி நேராக இருந்தால் அறுந்த இழைகள் ஒட்டிக்கொள்ளும், வளைந்தால் விலகிக்கொள்ளும். என் அறையில் மேசை சுவரை ஒட்டியிருந்ததால் கம்பி மடங்கியே கிடந்தது. வீட்டில் அது நேராகத் தொங்கியது. தீபாவளி வாரத்தின் மர்மம் இதுதான்.

புதிய மின்னேற்றி 75 ரிங்கிட். அதை வாங்கிய பிறகும் மூன்று வாரங்கள் குறிப்பேட்டை மூடவில்லை. அதே மேசையில், அதே செருகியில், இரவு நெடுநேரம் பயன்படுத்தியும் ஒரு பதிவும் சேரவில்லை. அதன் பின்னரே வழக்கு முடிந்தது என்று எழுதினேன்.

மற்றப் பழுதுகளுக்கும் இதே முறை

எல்லாருடைய கணினிக்கும் மின்னேற்றியே காரணமாக இராது. ஆனால், பிரித்துப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

1. மென்பொருளா, வன்பொருளா? உபுண்டு போன்ற இயங்குதளத்தை விரலியில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கலாம். அங்கும் அதே கோளாறு வந்தால் விண்டோஸைத் திரும்பத் திரும்ப அழித்துப் பதிவேற்றுவதில் பயனில்லை.

2. வெப்பமா? கனமான வேலையின்போது அணைகிறது. உடனே இயக்கினால் விரைவில் மீண்டும் அணைகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் அதிக நேரம் தாங்குகிறது என்றால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். மெத்தையின்மேல் வைத்துப் பயன்படுத்தினால் காற்றுத் துளைகள் அடைபடும்.

3. நினைவகமா? நீலத்திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் காட்டினால் நினைவகத்தையும் சோதியுங்கள். ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்ற சோதனை இயங்குதளத்திலேயே இருக்கிறது. இரண்டு நினைவகப் பலகைகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து இயக்கி, பிறகு மற்றதை வைத்து இயக்கிப் பார்க்கலாம்.

4. மின்னேற்றியா? வேறு மின்னேற்றியைப் பயன்படுத்தும்போது வோல்ட் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு குறையக் கூடாது. செருகுமுனையும் அதன் மின்முனை அமைப்பும் பொருந்த வேண்டும். கம்பியின் உறை கிழிந்திருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ சோதித்துக்கொண்டிருக்காமல் உடனே கழற்றிவிடுங்கள். புதியது வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

இவை அனைத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது நகலெடுத்தல். முக்கியமான கோப்புக்கு மூன்று பிரதிகள். அவை இரண்டு வகைச் சேமிப்பில். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். கணினியில் ஒன்று, விரலியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்திருந்தால் என் பதினான்கு பக்கங்கள் பிழைத்திருக்கும். பழுதைக் கண்டறிந்தபின் கணினி திரும்பக் கிடைத்தது. அந்தப் பக்கங்கள் கிடைக்கவில்லை.

கடைக்குப் போகும்போது

மின்னேற்றி, சுட்டி, விரலி என்று கணினியோடு சேர்த்துப் பயன்படுத்தும் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஊகத்தைச் சொல்லாமல் குறிப்பேட்டைக் காட்டுங்கள். எந்தச் சோதனையின் அடிப்படையில் ஒரு பாகத்தை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். ரசீதில் கோளாறு என்ன, செய்த வேலை என்ன, எத்தனை நாள் உத்தரவாதம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். என் மூன்று ரசீதுகளிலும் ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. குறிப்பேட்டோடு கடைக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். “நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம்?” என்றார் கடைக்காரர். ரசீதைப் பார்த்தபோது மறுத்துப் பேச என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. 370 ரிங்கிட் திரும்பவில்லை.

நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குவோர் நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் அதைச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. முன்பு 25,000 ரிங்கிட்டாக இருந்த கோரிக்கை வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஆனால், உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டும். அந்தச் சான்றை முதல் நாளிலிருந்தே சேர்த்து வைப்பது நம் பொறுப்பு.

முடிவுரை

மீண்டும் மீண்டும் வரும் பழுது நமக்கு உணர்த்துவது ஒன்றுதான்: இதுவரை பார்த்த இடத்தில் காரணம் இல்லை. அப்போது இன்னும் விலையுயர்ந்த பாகத்தைத் தேடிப் போகாமல், இதுவரை பார்க்காத இடம் எது என்று கேட்க வேண்டும். காண்பதை எழுதுங்கள், ஊகத்தைத் தள்ளி வையுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் திருப்பி வைத்தும் பாருங்கள். தேர்வுத்தாளில் புள்ளி பெற்றுத் தந்த பாடம் வாழ்க்கையில் பணத்தையும் காலத்தையும் காப்பாற்றக்கூடியது என்பதை உணர எனக்குப் பத்தாண்டுகள் ஆயின.

மூன்றாம் இயலை நான் மீண்டும் எழுதினேன். இரண்டு வாரங்கள் பிடித்தன.

புதிய மின்னேற்றி வாங்கிய அன்று அப்பாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன். முதல் நாளே அவர் கேட்ட கேள்வியை அவர் நினைவுபடுத்தவில்லை. “லோரி ஸ்டார்ட் ஆகலன்னா இஞ்சினத் தொடறதுக்கு முன்னால பேட்டரி வயரைத்தாம்மா ஆட்டிப் பாப்போம்” என்று மட்டும் சொன்னார். கணினி அறியாதவர் என்று நான் நினைத்தவருக்குப் பழுதைத் தேடும் வரிசை தெரிந்திருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் எளிய கேள்விகளுக்கும் நம் குறிப்பேட்டில் ஒரு கட்டம் ஒதுக்குவோமாக.